நோ போல் போட்ட கை

நான்தான் அவனுக்கு நோ போல் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அது நோ போல்தான். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் முழங்கையை மடக்காமல் கையைச் சுழற்ற வேண்டும். மடக்கி எறிந்தால் பிழை. அவன் மடக்கித்தான் எறிந்தான். இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் பின்னால் உள்ள வெளியில் கிரிக்கெட் விளையாடும்போது நடுவராக நிற்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. என்னோடு வாதாடி வென்றவனும் இந்த ஊரில் கிடையாது.

"மாமா, நான் நேராத்தான் போட்டனான்," என்று என் முன்னால் வந்து நின்றான்.

"நேராப் போட்டனியோ? உன்ரை முழங்கை மடிஞ்சது டவுணுக்குள்ளை பொலிதேயாமாவிலை நிண்டு பாத்தாலே தெரியும். போடா அங்காலை."

அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கைகள். நோ போல் மேல் நோ போலாகக் கொடுத்ததில், அவனுடைய அணித் தலைவர் அவனை எல்லைக் கோட்டுக்கு விரட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ அடித்த பந்து அவன் பக்கம் உருண்டது. எடுத்தான், என் மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். பந்து நிலத்தில் படவுமில்லை, வளையவுமில்லை. என் காதோரமாகப் போய் விக்கெட் காப்பாளரின் கையுறைக்குள் விழுந்தது. காப்பாளர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார். "விசரா, ஆரைக் கொல்லப் பாக்கிறாய்?" என்று அங்கிருந்தே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பந்து கையுறையில் விழுந்த அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிக்க வார்ப்பேன், சமைத்துக் கொடுப்பேன், சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோவேன். மற்ற வயோதிபர்கள் கடற்கரைக்கும் தேவாலயத்துக்கும் போவார்கள். என்னுடையவருக்கு பேஸ்போல் மைதானம்தான் வேண்டும். இளவயதில் அவர் எறிபவனுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவராக இருந்தவர். நகரின் வடக்குப் பக்கம் புல் பாதி, புழுதி பாதியாக ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே கம்பி வலைக்குப் பின்னால் நாற்காலியை நிறுத்திவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, பந்து கையுறையில் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். "இது ஈரத் துணி. இது செத்த மீன்," என்று ஒவ்வொரு எறிக்கும் ஒரு பெயர் வைப்பார். வருடக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த ஆட்டம் மண்டைக்குள் ஏறிவிட்டது. பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. அங்கே பயிற்சி நடக்கும்போது வாயைத் திறக்க ஆரம்பித்தேன். முதலில் முறைத்தவர்கள் பிறகு கேட்டார்கள். ஏனென்றால் நான் சொன்னது சரியாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை என் அரைநாள் லீவை விட்டுக்கொடுத்து, ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் அவனுடைய சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். உயர்த்திக் கட்டிய மண்மேட்டில் ஏற்றி, "எறி. இஞ்சை ஒருத்தரும் நோ போல் தரமாட்டினம். முழங்கையை எவ்வளவு மடக்க ஏலுமோ அவ்வளவு மடக்கு," என்றேன்.

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு எறிந்தான். பெரியவர் கண்ணை மூடியபடியே இருந்தார். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, இவன் யார் என்று கேட்டார். எங்கள் கிரிக்கெட்டிலிருந்து நான் பிழை சொல்லி விரட்டியவன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. வடக்கே தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அமெரிக்காவின் சின்ன லீக்குகளுக்கு ஆள் தயாரிக்கும் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் பையன்களைத் தேடிப் பிடிக்கிறவர், இவனை ஒழுங்காக்கு, நான் அவரைக் கூப்பிடுகிறேன் என்றார்.

ஒழுங்காக்குவது லேசான வேலையாக இருக்கவில்லை. கிரிக்கெட்காரனுக்கு ஓடி வந்துதான் பந்து போடத் தெரியும். மேட்டில் நின்ற இடத்திலிருந்து எறி என்றால், கால் தானாக முன்னால் ஓடும். அதைவிடப் பெரிய தொல்லை, பந்தை நிலத்தில் குத்தி எழுப்பும் பழக்கம். பிடிக்கிறவனுக்கு முன்னால் மண்ணில் குத்துவான், புழுதி கிளம்பும். குத்திவிட்டு, நல்ல பந்து போட்டவன் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். நான் பெரியவர் வீட்டிலிருந்து துணி காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டினேன். முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவால் பந்து போக வேண்டும். கயிற்றில் பட்டாலும் பிழை.

"கயித்திலை பட்டது, மாமா. ஆனா நல்ல பந்து."

"நல்ல பந்தெண்டு நான் சொல்லோணும். நீ சொல்லாதை."

"பஸ்தா, மாமா, காணும். கை நோகுது."

"கை நோகேல்லை. உனக்கு வாய்தான் கூட."

கை உண்மையாக நொந்த நாட்களும் உண்டு. அன்றைக்கு முகத்திலேயே தெரியும், நான் நிறுத்திவிடுவேன். எறிகிறவனின் தோளை ஒருமுறை கெடுத்தால் பிறகு ஆண்டவன் வந்தாலும் தைக்க முடியாது. மழைக்காலம் முழுக்க அந்தக் கயிறுதான். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவன் அம்மியை விடக் கொஞ்சம் இளகியவன். வெயில் திரும்பும் நேரத்தில் கயிறுகள் அசையாமல் நின்றன, பந்து நடுவால் போய்க் கடைசி அடியில் இடப்பக்கம் விலகவும் தொடங்கியது. பெரியவர் ஒரு நாள் கண்ணை மூடியபடி, "கதவு," என்றார். அறைந்து சாத்திய கதவுச் சத்தம் என்று பொருள். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் வீட்டில் ஒரு மலை இருந்தது, அவனுடைய தாய். போர் முடிந்த பிறகு சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர். மாடி வீடுகளின் படிகளைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்து தனியாக அவனை வளர்த்தவர். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை விடியமுன் மலையேறி சாந்தா ரொசாலியா தேவாலயம்; இரண்டு பக்கமும் நேர்த்தி வைத்திருப்பவர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகை, அதன் சொந்தக்கார அம்மாவான சிஞ்ஞோராவுக்குக் கேற்றடியில் தங்கி எலுமிச்சை மரங்களையும் நாய்களையும் பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். தங்க அறை உண்டு, கொன்ட்ராத்தோ என்கிற வேலை ஒப்பந்தமும் உண்டு. கொன்ட்ராத்தோ இருந்தால் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிப்பதில் பயமில்லை. மகனைத் தருவதாகத் தாய் வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மாத ஆரம்பத்தில் அவன் போய்ச் சேர வேண்டும்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது, தாயின் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"பந்தெறிஞ்சு ஆர் அண்ணை சோறு திண்டவை?"

"எறியிறவங்கள் திண்டுகொண்டுதான் இருக்கிறாங்கள், தங்கச்சி. வடக்கிலை இருந்து ஒராள் வந்து பாக்கப்போறார். ஒரு தரம் பாக்கட்டும்."

"பாத்துட்டு வேண்டாமெண்டால்?"

"வேண்டாமெண்டால் நானே ரயில் ஏத்திக்கொண்டுபோய் பகேரியாவிலை விடுறன். பிறகு பந்தெண்ட கதையே எடுக்கமாட்டன்."

"அப்ப அண்டைக்கு நானும் வாறன்," என்றார். அவர் ஒருநாளும் அந்த மைதானத்துக்கு வந்ததில்லை. சந்தோஷப்பட்டேன். அவர் வருவதில் எனக்கு எந்தக் கவலையும் தோன்றவில்லை.

வடக்கத்தியார் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எல்லாவற்றையும் தயார் செய்தேன், இதை நெஞ்சைத் தட்டிச் சொல்வேன். எறிபவன் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது. கோயில் நூலை நானே அவிழ்த்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன். நகம் வெட்டினேன். சப்பாத்தின் லேசை இரண்டு முடிச்சுப் போடச் சொன்னேன். பந்தில் எண்ணெய், எச்சில், கிறீம் எதுவும் படக்கூடாது, பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே என்று ஆயிரம் தரம் சொல்லியிருந்தேன். தாய் விடியக் கோயிலில் அர்ச்சனை செய்வித்து, திருநீற்றைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். என் கண் முன்னாலேயே மகனின் நெற்றியில் அள்ளிப் பூசினார், தொண்டையில் பூசினார், எறிகிற கையில் தோளிலிருந்து விரல் வரை தடவிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பூசிவிட்டார், குனிந்து நின்று வாங்கிக்கொண்டேன். நகத்தைக்கூடப் பார்த்த எனக்குத் திருநீறும் பந்தில் படக்கூடாத ஒரு பொருள் என்று உறைக்கவேயில்லை. எனக்கு அது நெற்றி, அவ்வளவுதான்.

வடக்கிலிருந்து வந்தவர் சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட். பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கைகொடுத்தார். மாலை விமானத்தில் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த மைதானத்து அணிக்கு வெளியணி ஒன்றோடு ஆட்டம், பையன் எங்கள் பக்கத்து எறிபவனாக மேட்டில் ஏறினான். முதலாவது ஆள் மட்டையை அசைக்கவில்லை, போய்விட்டான். இரண்டாவது ஆள் அசைத்தான், பந்து எப்போதோ போய்விட்டிருந்தது. சாம்பல் கோட்டுக்காரர் வலைக்குக் கிட்டே நகர்ந்தார். நான் பெரியவரின் தோளை அழுத்தினேன்.

பையன் ஒவ்வொரு எறிக்கும் முதல் நெற்றியைத் தொட்டுக்கொண்டான். பயத்தில் வந்த பழக்கம். பயிற்சியில் அவன் அப்படிச் செய்ததில்லை. நெற்றியைத் தொட்ட விரலால் பந்தைப் பிடித்தான். வெயிலுக்கு எதிரே பந்து கையை விட்டுப் போகும்போது ஒரு சின்ன வெள்ளைப் புகை பறந்தது. எதிரணிப் பயிற்சியாளர் அதைக் கண்டுவிட்டார். கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பையனின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெள்ளை.

மேட்டின் பின்பக்கம் பிசின் தூள் பை ஒன்று எப்போதும் கிடக்கும். வியர்வையில் வழுக்காமல் இருக்க எல்லா எறிபவர்களும் அதைத் தட்டிக்கொள்ளலாம், அதுவும் வெள்ளைதான். எங்கள் பக்கத்திலிருந்து, "பிசின் என்று சொல்லு," என்று ஒரு குரல் கேட்டது. நடுவர், இது என்ன என்று கேட்டார்.

"சாம்பல்," என்றான் அவன் இத்தாலிய மொழியில், தலையைக் குனியாமல். "அம்மா பூசினது. கோயிலில் இருந்து."

நடுவர் தாயிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையை நீட்டி வெளியே காட்டினார். நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நியாயம் என்று தெரிந்தும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும், அது என் பிறவிக் குணம்.

சாம்பல் கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவரிடம் குனிந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்டது. வேகம் உண்டு, ஆனால் பந்து கடைசியில் அசைந்தது கையால் அசைந்ததா, அந்தச் சாம்பலால் அசைந்ததா தனக்குத் தெரியாது, தெரியாததை வாங்க முடியாது என்றார். கைகொடுத்தார், புறப்பட்டார்.

பனையாலே விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி இருந்தது. ஆனால் நான் படுத்துக் கிடக்கிற ஆள் இல்லை. அந்த மைதானத்துக்கு ஒரே ஒரு கேற், அதுவும் ஒடுக்கம். பெரியவரைத் தள்ளிக்கொண்டு ஓடி, கோட்டுக்காரருக்கு முன்னால் கேற்றில் நாற்காலியைக் குறுக்காக நிறுத்திப் பிரேக்கை அழுத்தினேன்.

"மன்னிக்க வேண்டும், பிரேக் இறுகிவிட்டது," என்றேன்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய நாற்காலி, அதன் பிரேக் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். "இது இப்படித்தான். கொஞ்ச நேரம் எடுக்கும்," என்று பெருமூச்சு விட்டார். பிறகு, அந்தக் கொஞ்ச நேரத்தில், கேற்றுக்குப் பக்கத்துச் சுவரடியில் பையன் எறிவதைப் பார்க்கலாமே என்றார். கோட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை, மனிதர். கை கழுவிவிட்டு எறியட்டும் என்றார்.

அதற்குள் தாய் வந்துவிட்டார். நடந்தது பாதி விளங்கி, பாதி விளங்காமல் வந்திருந்தார்.

"அண்ணை, என்ரை திருநீறாலையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி ஆற்றுவதற்கு நேரமில்லை. "ஓம், தங்கச்சி," என்றேன். "அது இருந்தால் அவர் நம்பமாட்டார். கழுவோணும்."

மகன் தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டினான். தாய் கொடுக்கவில்லை. தானே ஊற்றி, அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். தோள் வரை கழுவினார். பிறகு நிமிர்ந்து நெற்றியைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையின் நெற்றித் திருநீற்றைத் தாய் தன் கையால் அழிப்பதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அழிந்தால் பூசிவிடுகிற கை அது. ஈரக் கையால் மகனின் நெற்றியை ஒரே துடைப்பாகத் துடைத்தார். துடைத்த கையை நிலத்தில் உதறவில்லை, தன் துணியிலும் துடைக்கவில்லை. தன்னுடைய நெற்றியில் வைத்து இழுத்துக்கொண்டார்.

"உன்ரை என்னிலை கிடக்கட்டும். நீ எறி," என்றார்.

பிடிக்கிறவன் உள்ளே ஆட்டத்தில் இருந்தான். பெரியவரின் பழைய கையுறை நாற்காலிப் பையில் எப்போதும் கிடக்கும். அதை மாட்டிக்கொண்டு நானே சுவரடியில் குந்தினேன். முழங்கால் இரண்டும் அழுதன. பையன் நெற்றியைத் தொடக் கையைத் தூக்கி, அங்கே ஒன்றும் இல்லை என்று நினைவு வந்து, கையை இறக்கினான். தாயைப் பார்த்தான். எறிந்தான்.

அந்தப் பந்து கடைசி அடியில் இடப்பக்கம் விலகியது. கயிற்றடியில் விலகிய அதே மாதிரி. என் சின்ன விரலில் பட்டது. இன்றைக்கும் அது நிமிராது, கேட்பவர்களுக்குப் பெருமையோடு காட்டுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இன்னும் என்று கையால் காட்டினேன். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிச் சுவரில் போட்டார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கதவு," என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "கதவு."

கோட்டுக்காரர் என்னிடம் வரவில்லை, பெரியவரிடமும் போகவில்லை. நேரே தாயிடம் போய், உங்கள் மகனை எனக்குத் தாருங்கள், அடுத்த மாதம் எங்களோடு இருக்கட்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். தாய் தலையசைத்தார், அழவில்லை.

"அங்கை சோறு கிடைக்குமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். கிடைக்கச் செய்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்குப் பகேரியா ஞாபகம் வந்தது. "தங்கச்சி, சிஞ்ஞோராவுக்கு என்ன சொல்லப்போறியள்?"

"என்ன சொல்லுறது? ஒராள் தாறனெண்டு வாக்குக் குடுத்தனான். நான் போறன்."

சொன்னபடி போனார். நாய்களுக்குப் பயந்த மனுசி. இப்போது அவை அவருடைய சத்தத்துக்குத்தான் சாப்பிடுகின்றன. மகன் வடக்கே இருக்கிறான், சுத்தமான நெற்றியோடு எறிகிறான். கடல் தாண்டிப் போவான் என்று பயிற்சிக்கூடத்தில் சொல்கிறார்கள். நான் முதலே சொல்லிவிட்டேன், அவர்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன ஞாயிறு ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனேன். கேற்றைத் திறந்த தாயின் நெற்றியில் திருநீறு இரண்டு தரம் பூசியிருந்தது. கீழே ஒரு பூச்சு, மேலே தலைமயிர் தொடங்கும் இடத்தில் இன்னொன்று.

"இதென்ன, தங்கச்சி, ரெண்டு?"

"இது என்ரை," என்று கீழே தொட்டுக் காட்டினார். பிறகு விரலை மேலே கொண்டுபோனார். "இண்டைக்கு அவனுக்கு மட்ச்."